மேல்பேட்டைக்கு முதலில்

குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும். காற்று வந்தாலும் மீட்டர் சுற்றும். காற்றுக்குப் பணம் கட்டிய ஏமாளி என்று பேர் வாங்க கமென்தொல்லில் ஒருவருக்கும் இஷ்டமில்லை. அதனால் மழை பொய்த்த அந்த வருடம் ஊரே குழாயை இறுக்கி மூடிவிட்டுக் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் எப்போது வரும் என்பது கைபேசிக்குத்தான் தெரியும். கைபேசிக்குச் சொல்பவள் நெவெனா.

மேல்பேட்டையில், தேவாலயத்துக்குப் பின்னால் ஏறும் சந்தின் கடைசி வீடு அவளுடையது. கீழறையில் முன்பு வால்நட் கொட்டிக் காயவைப்பார்கள். இப்போது அங்கே எதிரெதிராக மேசை போட்டு நெவெனாவும் அவள் புருஷன் கலினும் கைபேசிச் சேவை நடத்தினார்கள். பல் வைத்தியர் தன் நோயாளிகளுக்கு 'நாளை உங்கள் முறை' என்று நினைவூட்டுவது, மலையூர்ப் பேருந்து தாமதமானால் பயணிகளுக்குச் சொல்வது, உரக்கடையில் விதை வந்திருப்பதை விவசாயிகளுக்குத் தெரிவிப்பது, ஆலங்கட்டி மழை எச்சரிக்கை, மின்தடை அறிவிப்பு எல்லாம் அந்த அறையிலிருந்துதான் கிளம்பின. கணினி நிரல் எழுதுவது நெவெனா. எழுதியதை விற்பதும், விற்ற பிறகு திட்டு வாங்குவதும் கலின். கலினுக்குத் திட்டு ஒட்டாது. எவ்வளவு காட்டமாக ஒருவன் போனில் ஆரம்பித்தாலும் கடைசியில் அவன் கலினைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுத்தான் வைப்பான்.

நெவெனா அப்படியல்ல. அவளுக்குப் பேச்சு வராது. செய்தி எழுதுவதிலும் கஞ்சம்தான். எங்கள் எழுத்தில் எழுதினால் ஒரு செய்திக்குள் அடங்குவது லத்தீன் எழுத்தில் அடங்குவதில் பாதிகூடத் தேறாது என்பது அவள் சொல்லும் காரணம். 'மேல்பேட்டை. தண்ணீர் வருகிறது. நிரப்புங்கள்.' அவ்வளவுதான். புருஷனிடமும் இப்படித்தான் பேசுவாளா என்று கீழ்பேட்டையில் கேலி செய்வார்கள்.

ஊருக்கு ஒரே பெரிய குழாய். மலையடி நீர்த்தேக்கத்திலிருந்து கிளம்பி, கீழ்பேட்டை வழியாக வந்து, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு மேல்பேட்டைக்கு ஏறும். கீழே உள்ளவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் மேலே காற்றுதான். தேக்கம் வற்றி, நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் என்று ஆனபோது, வாசகசாலையில் கூட்டம் போட்டு ஒரு ஏற்பாடு செய்தார்கள். செய்தி முதலில் மேல்பேட்டைக்குப் போகும். அவர்கள் நிரப்பிய பிறகு கீழ்பேட்டைக்கு. யோசனை நெவெனாவுடையது. கீழ்பேட்டைக்காரர்கள் முனகினாலும் ஒத்துக்கொண்டார்கள். பள்ளத்தில் இருப்பவனுக்குக் கடைசியில் வந்தாலும் தண்ணீர் கிடைக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

முதல் சில வாரம் நன்றாகத்தான் நடந்தது. அக்டோபர் பிறந்ததும் மேல்பேட்டைக்குச் செய்தி மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை.

"என்னம்மா நெவெனா, உன் சேதி வந்துச்சு, தண்ணியக் காணோமே?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள் பக்கத்து வீட்டு சோன்கா. பால்பண்ணையில் கேன் தூக்கி ஓய்ந்தவள். தோள் இன்னும் ஓயவில்லை. அவள் முற்றத்தில் வறுத்த குடமிளகாய் சாக்கு சாக்காகக் கிடந்து புளிக்க ஆரம்பித்திருந்தது. குளிர்காலத்துக்கு ஜாடிகளில் அடைத்துக் கொதிக்க வைக்க வேண்டியது. கொதிக்க வைக்கத் தண்ணீர் இல்லை.

"எனக்கும் வரலக்கா."

"உனக்குமா?" சோன்கா சிரித்தாள். "அடுப்பு வச்சிருக்கிறவ பட்டினி கிடக்கிறேன்னு சொல்ற மாதிரி இருக்கு. நீ அனுப்பறதுக்கு முன்னாடியே நீ நிரப்பி வச்சிருக்க மாட்ட?"

"எனக்கும் எல்லாரோடவும்தான் சேதி வரும். நான் முன்கூட்டித் திறக்கறதில்ல."

"சரி, நம்பிட்டேன்."

"நம்பாட்டி உள்ள வந்து பாருங்க."

பேச்சுக்குச் சொன்னாள். சோன்கா நிஜமாகவே வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். சமையலறைக் குழாயைத் திருகினாள். குழாய் இருமியது. குளியலறைக்குப் போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு சிலந்தி ஓடியது. திரும்பி வரும்போது திறந்திருந்த அறைக்குள் கட்டிலில் கிடந்த நெவெனாவின் அப்பா திமோவைப் பார்த்தாள்.

"யாருடா அது என் வீட்டுல சோதனை போடறது?" என்று திமோ கத்தினார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டாலும் வாய் விழவில்லை. "சோன்காவா? உன் புருஷன் என்கிட்ட வாங்கிட்டுப் போன கடப்பாறை எங்கடி?"

"அவர் செத்துப் போயிட்டாருண்ணே."

"கடப்பாறையுமா செத்துப் போச்சு?"

சோன்கா சிரிக்கவில்லை. அறையின் வாடை அவள் மூக்கைத் தொட்டிருக்க வேண்டும். வெளியே வந்து, "கஷ்டந்தான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் சந்தில் இறங்கும்போது அடுத்த வீட்டுக்காரியிடம், "ரெண்டாவது தொட்டி எங்கயாவது வச்சிருப்பா" என்று சொன்னது நெவெனாவின் காதில் விழுந்தது.

திமோவின் முதுகில் புண் வந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் போதாது, தொட்டியில் உட்காரவைத்து நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும், இல்லையென்றால் புண் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் நான் வந்தும் பிரயோஜனமில்லை என்று நர்ஸ் மிரட்டிவிட்டுப் போயிருந்தாள். திமோ டிராக்டர் ஓட்டியவர், பெரிய உடம்பு. தோள் பக்கம் கலின் பிடிப்பான், கால் பக்கம் நெவெனா. தூக்கும்போது திமோ இருவரையும் திட்டுவார். கலின் பதிலுக்குத் திட்டுவான். அவர்கள் இருவரும் திட்டிக்கொண்டால் நெவெனாவுக்கு நிம்மதியாக இருக்கும், எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். இப்போது தொட்டியும் காய்ந்துபோய், திட்டும் குறைந்துபோய், ஆற்றோர ஊற்றிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரில் துணியை நனைத்து முதுகை ஒற்றி எடுத்தார்கள். துணியில் மஞ்சளாக ஒட்டியதைப் பார்க்கும்போது நெவெனாவுக்கு அழுகை முட்டும். அழ நேரம் இருக்காது, கீழே போன் அடிக்கும்.

அன்று அடித்தது பல் வைத்தியர்.

"கலின், என் ஆளுங்க எல்லாருக்கும் வராதீங்கன்னு அனுப்பு."

"நேத்துதானே வாங்கன்னு அனுப்பச் சொன்னீங்க, டாக்டர்?"

"வந்தவன் வாய் கொப்பளிக்கணுமா வேண்டாமா? ஒருத்தனுக்கு ரக்கியாச் சாராயத்தைக் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னேன். துப்பவே மாட்டேங்கிறான்."

கலின் சிரித்தான். எதிர் மேசையில் நெவெனா சிரிக்கவில்லை. அவள் சில நாட்களாகத் தலை நிமிரவே இல்லை. தண்ணீர் திறக்கும்போதெல்லாம் அலுவலகத்துக்குப் போன் செய்யும் நீரேற்று நிலையத்து ராதோய் சொன்ன ஒரு வார்த்தை அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"மேல ஏறவே இல்ல, நெவெனா. நான் திறந்த உடனே கீழ அழுத்தம் விழுந்துடுது. அவங்களுக்கு உன் சேதி போறதுக்கு ரொம்ப முன்னாடியே திறந்துடறாங்க."

"சேதி போகாம அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அத என்கிட்ட கேட்டா? அனுப்பறது நீ."

அனுப்புவது அவள்தான். அதனால் தப்பும் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். மேல்பேட்டை எண்களோடு கீழ்பேட்டை எண்கள் கலந்துவிட்டனவா என்று பார்த்தாள். வீடு மாறிப் போனவர்களை ஒவ்வொருவராகச் சரிபார்த்தாள். கைபேசி நிறுவனத்தில் வரிசை குழம்புகிறதோ என்று தலைநகர் சோபியாவுக்குப் போன் போட்டு, அங்கே ஒரு பெண் ஒவ்வொரு முறையும் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட, காதில் பாட்டோடு நிரலை வரி வரியாகப் படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருப்பது தப்பாக இருப்பதைவிட மோசம். தப்பு இருந்தால் திருத்தலாம். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், தலைமுடியில் எண்ணெய் பிசுபிசுக்க, அதே சட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் விடேன்," என்பான் கலின். "மழை வந்தா எல்லாம் சரியாயிடும்."

"மழை வந்தா என் நிரல் சரியாயிடுமா?"

கலின் ரொட்டியை நறுக்கி, வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தக்காளியும் வைத்து அவள் பக்கம் நகர்த்துவான். பாத்திரம் விழாத சாப்பாடுதான் அப்போதெல்லாம். சாப்பிட்ட கையைக் காகிதத்தில் துடைத்துக்கொள்வார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் கேன்களை எடுத்துக்கொண்டு நெவெனா ஊற்றுக்கு இறங்கினாள். அப்பாவைக் கலின் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். ராதோய் கூப்பிட்டால் தனக்குச் சொல்லும்படியும், செய்தியைக் கைபேசியிலிருந்தே அனுப்பிவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள். வெயில் ஆகஸ்ட் மாதிரி அடித்தது. ஆறு கல்லும் கரையுமாகக் கிடந்தது. அங்கங்கே குட்டையில் வாத்து நின்றது.

ஊற்றுக்கு எதிரேதான் ஓக்னியானின் காய்ச்சுக் கொட்டகை. அக்டோபரில் ஊரில் பாதி ஆண்கள் அங்கேதான் இருப்பார்கள். அவரவர் வீட்டுப் பிளம் ஊறலைப் பீப்பாயில் கொண்டுவந்து, முறை போட்டு, ரக்கியா காய்ச்சிக்கொண்டு போவார்கள். முறை வரும்வரை பன்றிக்கொழுப்பையும் வெங்காயத்தையும் நறுக்கி வைத்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டுவார்கள். ஓக்னியான் கலினுக்கும் நெவெனாவுக்கும் கும். அவர்கள் கல்யாணத்தில் பின்னால் நின்று தலைக்கு மேல் கிரீடம் மாற்றிப் பிடித்தவர். இப்போது வெளியூரில் படிக்கும் மகளுக்கு ஞானஸ்நானத்தில் பேர் வைத்தவரும் அவரே. எங்களுக்குக் கும் என்றால் ரத்த உறவுக்கு ஒரு படி மேலே. அண்ணனோடு சண்டை போடலாம், கும்மோடு கூடாது.

ஊற்றில் வரிசை நீளமாக இருந்தது. நெவெனா கேன்களைக் கீழே வைத்துவிட்டு மதிலில் சாய்ந்தாள். கொட்டகைக்குள் ஒரு கைபேசி அடித்தது. ஓக்னியான் வெளியே வந்து பேசினார். அவர் குரல் சாதாரணமாகவே ஆற்றுக்கு அந்தக் கரைக்குக் கேட்கும்.

"ஆங், சொல்லு... இப்பவா? நல்லா இரு கலின், நல்லா இரு!"

அவர் உள்ளே திரும்பி, "போடுடா பம்ப!" என்று கத்தினார். பம்பு உறுமியது. காத்திருந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் கைபேசியை எடுத்தார்கள். "தண்ணி திறந்தாச்சு, போய்ப் பிடி" என்று ஒருவன் பெண்டாட்டிக்குச் சொன்னான். ஊற்று வரிசையில் நின்ற கீழ்பேட்டைப் பெண்கள் அதைக் கேட்டுக் கேன்களைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார்கள். வரிசை நெவெனாவின் கண்முன் காலியானது.

அப்புறம்தான் அவள் கைபேசி அடித்தது.

"நெவெனா, ராதோய் திறக்கிறானாம்," என்றான் கலின். "மேல்பேட்டைக்கு அனுப்பிடு."

"சரி," என்றாள்.

அனுப்பினாள். 'மேல்பேட்டை. தண்ணீர் வருகிறது. நிரப்புங்கள்.' பொய் என்று தெரிந்து அவள் அனுப்பிய முதல் செய்தி அது. அதன்பிறகு காலியான வரிசையில் நிதானமாக எல்லாக் கேன்களையும் நிரப்பிக்கொண்டு மேடு ஏறினாள்.

வீட்டுக்கு வந்து கேன்களை வைத்தாள். கலின் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"என்னது?"

"ஊத்துல நின்னேன் கலின். அவர் எதிர்லயே நின்னேன்."

கலின் உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "ஊறல் கெட்டுப் போகுதுன்னு சொன்னார். ஆவியக் குளிரவைக்கத் தண்ணி இல்லாம அடுப்பைப் பத்த வைக்க முடியாது. கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சா இன்னொரு அடுப்பு சேத்து இறக்கிடலாம்னார். எல்லாரும் வருஷம் பூரா பாடுபட்ட பிளம். கும் வந்து கேக்கிறார். நான் என்னன்னு சொல்றது?"

"முடியாதுன்னு."

"கும்கிட்டயா?"

"ஏன், அவர் காதுக்கு அது கேக்காதா?"

"உனக்குச் சொல்றது சுலபம். ஊர்ல நாலு பேர்கிட்ட முகம் கொடுத்துப் பேசறவன் நான். பல் டாக்டரை யார் புடிச்சுக் கொடுத்தா? கும். பஸ் முதலாளிய? கும். நம்ம சேவையில பாதி அவர் ஒரு வார்த்தை சொல்லி வந்தது. நீ கம்ப்யூட்டரப் பாத்துட்டு உக்காந்திருப்ப, அதெல்லாம் தானா வந்துச்சுன்னு நினைச்சுக்குவ."

"நான் எதப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்னு உனக்குத் தெரியும்." நெவெனாவின் குரல் உயரவில்லை. "தப்பு என்கிட்டன்னு நினைச்சு வரி வரியாத் தேடிட்டிருந்தேன். நீ எதிர்ல உக்காந்து பாத்துட்டிருந்த. தக்காளி நறுக்கிக் கொடுத்த."

கலின் தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். "சொல்லணும்னுதான் இருந்தேன்."

"மேல்பேட்டை பூரா என்னைத் திருடிங்கிறாங்க. சோன்கா அக்கா வந்து என் தொட்டிய எட்டிப் பாத்துட்டுப் போறா. அப்பா முதுகு அழுகுது. இது எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் அவருக்குப் போன் போட்டியா?"

"ஒரு ஆளுக்குத்தானே சொன்னேன். அது இப்படிப் பரவும்னு..."

"ரக்கியாக் கொட்டகையில ஒரு ஆளுக்குச் சொன்னா அது ஒரு ஆளோட நிக்குமா? சேதி அனுப்பறது நம்ம தொழில் கலின். நமக்குத் தெரியாதா அது எப்படிப் போகும்னு?"

மேலே திமோ, "யாராவது வர்றீங்களா, இல்ல நானே எழுந்து வரட்டுமா?" என்று கத்தினார். இருவரும் ஒன்றாகப் படியேறினார்கள். அப்பாவைப் புரட்டிப் போட்டார்கள். கலின் பிடித்தான், நெவெனா ஒற்றினாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் நெவெனா ராதோயைக் கூப்பிட்டு, இனி அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டாம், நேராகத் தன் கைபேசிக்குப் பேசினால் போதும் என்று சொன்னாள். கலின் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டாள். அன்று வந்த தண்ணீர் காய்ந்து கிடந்த குழாயின் காற்றைத் தள்ளுவதோடு நின்றுவிட்டது, மேல்பேட்டைக்கு எட்டவில்லை. அன்று முழுக்கக் கலினின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பான், "தெரியல கும்" என்பான், வைப்பான். கடைசியில் எடுப்பதையும் நிறுத்திவிட்டான்.

சாயங்காலம் ஓக்னியானே மேடேறி வந்துவிட்டார். பருமனான மனிதர், சந்து ஏறியதில் மூச்சு இரைத்தது. கையில் ஒரு பாட்டில் ரக்கியா. வெறுங்கையோடு எந்த வீட்டுக்கும் போகாதவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ரெண்டு பீப்பா கருகிப் போச்சு, நெவெனா. தண்ணி வரும்னு நம்பிப் பத்த வச்சுட்டேன்."

"உங்களுக்குச் சேதி வந்திருக்குமே."

"வந்துச்சு. எல்லாரோடவும் சேத்து, லேட்டா. பீப்பா என்னோடதில்ல. மலையூர்க்காரன் ஒருத்தன் கழுதை வண்டியில கொண்டாந்தது. அவன் என் முன்னாடி நின்னு அழுதான்."

"அந்த மனுஷனுக்காக வருத்தப்படறேன், கும். நிஜமா."

"வருத்தம் ஆவியக் குளிரவைக்காதும்மா." அவர் கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகத்தான் சொன்னார். "நான் என்ன கேட்டேன்? ஒரு பத்து நிமிஷம், கால் மணி முன்னாடி ஒரு போன். என் ஒரு பம்புல மேல்பேட்டையே காஞ்சுடுமா?"

"உங்க பம்பு மட்டும் இல்ல. கொட்டகையில உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் வீட்டுக்குப் போன் போடறாங்க."

"அவங்க வாய நான் தைக்க முடியுமா?"

"அதனாலதான் சொல்லக் கூடாதுங்கிறேன்."

ஓக்னியான் கொஞ்ச நேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "உன் கல்யாணத்துல உன் தலைக்கு மேல கிரீடம் பிடிச்சவன் நான். கை வலிச்சுச்சு. சாமியார் அன்னைக்கு ஜெபத்த முடிக்கவே மாட்டேன்னுட்டார். இறக்கல. இது வரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல."

"நீங்க பிடிச்ச கிரீடத்துக்கு எங்கப்பா முதுகக் கொடுக்கணுமா, கும்?"

ஓக்னியான் எழுந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். பாட்டிலை மேசைமேல் விட்டுவிட்டு, வாசலில் ஒரு முறை நின்று, "உங்கப்பாவுக்கு முதுகு இப்படின்னு எனக்கு யாரும் சொல்லல," என்றார். கலினைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

"கும்மை நம்ம வாசல்லேர்ந்து இப்படி அனுப்பிட்ட," என்றான் கலின்.

"ஆமா."

"அவர் கொட்டகையில ஆள் இல்ல. ஆத்துக் குட்டையிலேர்ந்து வாளியில தூக்கி ஊத்தித்தான் குளிரவைக்கணும். நான் போறேன்."

"போ."

"எப்ப வருவேன்னு தெரியல."

"நான் கேக்கல."

அவன் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, மேலே போய் மாமனாரிடம் ஏதோ சொல்லிவிட்டு, இறங்கினான். திமோ திட்டும் சத்தம் கேட்டது. பிறகு சந்தில் அவன் கால் சத்தம் கேட்டது. நெவெனா மேசையில் இருந்தபடியே இருந்தாள். தான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஏதோ கைதவறி உடைந்துபோன மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலையிலும் அவன் வரவில்லை.

அன்று காலை ராதோய் கூப்பிட்டான். நெவெனா அனுப்பினாள். எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திருகினாள். குழாய் இருமியது. அவள் மூடப் போனாள். இன்னொரு முறை இருமி, துருவாகத் துப்பி, பிறகு கொட்டியது. முதலில் செங்கல் நிறம், அப்புறம் தேநீர் நிறம், அப்புறம் தெளிந்த தண்ணீர். மேல்பேட்டை முழுக்கச் சத்தம் எழுந்தது. வாளி இழுபடும் சத்தம், பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம், யார் வீட்டிலோ சலவை இயந்திரம் குதிக்கும் சத்தம். வேலிக்கு அப்பால் சோன்கா, "வருதுடி, வருது!" என்று யாரிடமோ கத்தினாள். நெவெனா குழாய்க்குக் கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். மனசார அழுதாள். யாரும் பார்க்கவில்லை.

தொட்டியைக் கழுவி நிரப்பினாள். கொதிகலன் தண்ணீரைக் கலந்து முழங்கையால் சூடு பார்த்தாள். சோப்பு, துண்டு, புண்ணுக்குப் போடும் மருந்து எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தாள். அப்பாவின் சட்டையைக் கழற்றினாள்.

"அந்தத் தடியன் எங்க?" என்றார் திமோ.

"கும் கொட்டகையில இருக்கான்."

"நீ ஒருத்தி எப்படித் தூக்குவ என்னை?"

அதை அவள் நினைக்கவே இல்லை. தண்ணீரைப் பற்றி மட்டுமே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். கலினுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. கொட்டகை இரைச்சலில் கேட்டிருக்காது, அல்லது கேட்டிருக்கும். மறுபடி போட்டாள். பிறகு கைபேசியை வைத்துவிட்டு, அப்பாவின் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து இழுத்தாள். பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே வந்தது. அதற்குமேல் நகர்த்தவும் முடியவில்லை, திரும்ப ஏற்றவும் முடியவில்லை. திமோவின் நல்ல கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. "விட்டுடாதடி," என்றார். திட்டவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"யாராவது வாங்களேன்!" என்று நெவெனா ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். வாழ்க்கையில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை.

சோன்காதான் வந்தாள். முன்கை முழுக்க மிளகாய்ச் சாறு, இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். "தள்ளு," என்றாள். திமோவின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து, பால் கேனைத் தூக்குவதுபோல் முழங்காலை மடக்கி எழுப்பினாள். நெவெனா காலைப் பிடித்தாள். மூச்சுப் பிடித்து, சுவரில் ஒரு முறை சாய்ந்து நின்று, குளியலறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் இறக்கினார்கள்.

வெதுவெதுப்பான தண்ணீர் உடம்பில் ஏறியதும் திமோ கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் கலங்கியது. நெவெனா முதுகைக் கழுவினாள். சோன்கா அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், அக்குளில் எல்லாம் கூச்சமில்லாமல் தேய்த்தாள். முதுகுப் புண்ணைப் பார்த்ததும் தேய்த்த கையை எடுத்துவிட்டாள்.

"இத வச்சுக்கிட்டா நீ இத்தனை நாள் தண்ணி இல்லாம இருந்த?"

"ம்."

"நான் ஒரு கழுதை," என்றாள் சோன்கா. "சந்து பூரா உன்னப் பத்திச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"விடுங்கக்கா."

"விட மாட்டேன். போய் அத்தனை பேர்கிட்டயும் மாத்திச் சொல்லுவேன். உங்கப்பனுக்கு நாளன்னைக்கும் குளிக்க ஊத்தணும்ல? கூப்பிடு, வர்றேன். உன் புருஷன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"மெதுவாப் பேசுங்கடி, காதுக்குள்ள தண்ணி போகுது," என்றார் திமோ. நெவெனாவுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

தண்ணீர் ஆற ஆரம்பித்தது. சோன்கா தோள் பக்கம் கையைக் கொடுத்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். நெவெனா துண்டை விரித்தாள். இருவரும் சேர்ந்து அவரைத் தொட்டி விளிம்புவரை உயர்த்திவிட்டார்கள். அங்கே அவரைத் தாங்கிப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றார்கள்.

"நெவென்கா," என்று செல்லமாகக் கூப்பிட்டாள் சோன்கா, பெரியவரின் தோளுக்கு மேலிருந்து. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என் ஜாடியெல்லாம் பாதிதான் ஆகியிருக்கு. மிளகா மீதி நாளைக்கு மேல தாங்காது. பெரிய கொப்பரை, அது நிறைய ரொம்ப நேரமாகும், அதுக்குள்ள சந்து பூரா திறந்துடறாங்க. நாளைக்கு ராதோய் உனக்குச் சொன்னதும்... எனக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடி வேலிகிட்ட ஒரு குரல் கொடேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

நெவெனாவிடம் பதில் தயாராக இருந்தது. நேற்றுத்தான் அதைக் கும் முகத்துக்கு நேராகச் சொல்லி, புருஷனையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். ஒரு சொல்தான். வாயைத் திறந்தாள். அப்பாவின் ஈர உடம்பில் பாதி தன் கையிலும், பாதி சோன்காவின் கையிலும் கனத்துக்கொண்டிருந்தது. அந்தக் கை நாளை மறுநாளும் வேண்டும். கலின் அன்று உட்கார்ந்திருந்த இடத்தில் தான் இப்போது நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"எவ்வளவு முன்னாடிக்கா?" என்றாள்.